எத்தனை சுத்து, அண்ணே?

மனுஷனுக்குக் கெட்ட காலம் எத்தனையோ உருவத்தில் வரும். கிளாம்ப்புக்கு அது சகலை உருவத்தில் வந்தது. அதுவும் கையில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு வந்தது.

கிளாம்ப் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. பத்தொன்பது வருஷமாக அந்த ஆலையில் பைப் பராமரிப்பு பார்க்கிறார். எந்தப் பைப் எங்கே ஆடினாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். "ஒரு கிளாம்ப்பைப் போட்டு இறுக்கு, அப்புறம் எப்படி ஆடுதுன்னு பார்ப்போம்." சொல்லிச் சொல்லி அதுவே பேராகிவிட்டது. நிஜப் பேர் அடையாள அட்டையில் மட்டும் மிச்சம். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. உள்ளூரக் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

சகலைக்குப் பட்டப்பேர் மீட்டர். கிளாம்ப்புடைய மனைவியின் தங்கையைக் கட்டியவன், பத்து வயது இளையவன். ஆடுகிற பைப்பிலும் மெஷினிலும் ஒரு கருவியை ஒட்டவைத்து, அது காட்டும் எண்ணைப் பார்த்துக் கோளாறு சொல்வது அவன் தொழில். வேறு ஏதோ கம்பெனியில் இருந்தான். அங்கேயே இருந்து தொலைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

இவர்களுடைய மாமியார் வீட்டில் துணி துவைக்கிற மெஷின் ஒன்று உண்டு. ஓடும்போது தடதடவென்று ஆடி, குளியலறை வாசல் வரைக்கும் நடந்தே வந்துவிடும். கிளாம்ப் போய்ப் பார்த்து, தரையில் துளை போட்டு போல்ட் அடித்துக் கட்டிவிடலாம் என்றார். "ஐயோ, புதுத் தரை மாப்பிள்ளை!" என்று மாமியார் பதறினார். அடுத்த ஞாயிறு மீட்டர் வந்தான். குனிந்து பார்த்தான், மெஷினின் ஒரு காலைத் திருகி உயரத்தைச் சரிசெய்தான், கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். மெஷின் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது. அன்றைக்கு ஆரம்பித்த புராணம் மூன்று வருஷமாக ஓயவில்லை. பக்கத்து வீடு, பால்காரர், பல் டாக்டர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் மாமியார் சொல்லி முடித்துவிட்டார். "சின்ன மாப்பிள்ளை கை வச்சார், அப்படியே நின்னுடுச்சு." பெரிய மாப்பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும், இன்றைக்காவது அந்தச் சனியன் பிடித்த மெஷின் ஆடாதா என்று அவர் காது குளியலறைப் பக்கமே போகும். ஆடாது.

வயிற்றெரிச்சல் என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். கிளாம்ப்புக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்.

ஆலைக்கு வருவோம். எண்ணெயையும் வாயுவையும் தனித்தனியாகப் பிரிக்கிற ஆலை அது. இரண்டும் கலந்தேதான் ஒரு பெரிய பைப்பில் வரும். முதல் லைன் என்று அதற்குப் பேர். தரையோடு வந்து, செங்குத்தாக ஏறி, மூன்று ஆள் உயரத்தில் வளைந்து அந்தப் பக்கம் போகும். அந்த வளைவு ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் கிளாம்ப் தன் கையாலேயே அங்கே பைப்பைச் சுற்றிப் பிடிக்கிற ஒரு இரும்புப் பட்டையைப் போட்டு, இரண்டு பெரிய நட்டால் இறுக்கினார். "யானையைக் கட்டினாலும் நிக்கும்" என்றார். யானை நின்றிருக்கும். வளைவு நிற்கவில்லை. கடைசி ஒரு வருஷத்தில் இரண்டு தடவை வெல்டு விரிசல் விட்டது. இரண்டு தடவையும் கிளாம்ப் மேலே ஏறி நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு வந்தார்.

இதற்கு நடுவில் பராமரிப்புத் தலைவர் ஓய்வு பெற்றுப் போனார். நாற்காலி காலி. அது தனக்குத்தான் என்று கிளாம்ப் மனசுக்குள் பதவியே ஏற்றுவிட்டார். மனைவியிடமும் சொல்லிவிட்டார், அவள் அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். அப்போதுதான் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, "இந்த வளைவை யார் நிக்க வைக்கிறாரோ அவர்தான் அடுத்த தலைவர். வெளியிலேருந்து ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன்" என்றார். மறுநாள் காலையில் வண்டியிலிருந்து மீட்டர் இறங்கினான்.

"அண்ணே! நீங்க இருக்கிற இடம்னதும் உடனே சரின்னுட்டேன்" என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

கிளாம்ப் பல்லைக் காட்டினார். சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

சும்மா சொல்லக்கூடாது, மீட்டர் வேலைக்காரன்தான். வந்த அன்றைக்கே வளைவில் கருவியை ஒட்டினான். முப்பத்தெட்டு காட்டியது. பதினெட்டுக்கு மேல் போனால் ஆபத்து. ஆட்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு விளக்கம் சொன்னான். "எண்ணெயும் வாயுவும் சமர்த்தா கலந்து வந்தா ஒண்ணும் பண்ணாது. ஆனா கீழே எண்ணெய் தேங்கி வழியை அடைச்சுக்குது. பின்னாடி வர்ற வாயு முட்டுது, முட்டுது, ஒரு கட்டத்துல ஒரே தள்ளா தள்ளிடுது. அந்த எண்ணெய் மொத்தமா வந்து வளைவுல மோதுது. செகண்டுக்கு ரெண்டு மோதல். இது ஊஞ்சல் தள்ற மாதிரி. நேரம் பார்த்துத் தள்ளினா சின்னக் குழந்தை தள்ளினாலும் உசரப் போகும்."

"ஆடினா இறுக்கணும் தம்பி. அதுக்கு எதுக்கு ஊஞ்சலும் குழந்தையும்" என்றார் கிளாம்ப்.

"இருக்கலாம்ண்ணே" என்று மீட்டர் சிரித்தான். எதிர்த்துப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் பணிவில்தான் கிளாம்ப்புக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இரண்டு நாள் மீட்டர் கீழே இருந்த வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முப்பத்தெட்டு முப்பத்தொன்று ஆனது, அதற்குக் கீழே இறங்க மறுத்தது. மூன்றாம் நாள், "மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்க சார், இன்னொரு விதமா வச்சுப் பார்க்கிறேன்" என்று மேனேஜரிடம் சொன்னான். அதுவரைக்கும் லைனை மூடி வைத்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

கிளாம்ப் போகவில்லை. ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினார்.

அவர் கணக்கு சுலபமானது. இறுக்கினால் நிற்கும், தளர்த்தினால் ஆடும். பத்தொன்பது வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பட்டையைத் தளர்த்திவிட்டால் இரண்டு மணிக்கு மேனேஜர் கண்ணெதிரில் மீட்டரின் கருவி அறுபதோ எழுபதோ காட்டும். சின்ன மாப்பிள்ளைக்கு மூக்கு உடையும். பைப் விழுந்துவிடாது, இரண்டு கை தூரத்தில் இன்னொரு தாங்கி இருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகாது. இவனுக்கு மட்டும்தான் ஆகும். ஆகட்டும்.

முதல் நட்டு அசையமாட்டேன் என்றது. அவர் இறுக்கினதாயிற்றே! முழு பாரத்தையும் போட்டுத் தொங்கினார். படக்கென்று விட்டது. அந்த மெஷினையும், பல் டாக்டரையும், "இருக்கலாம்ண்ணே"வையும் நினைத்து நினைத்து இரண்டு நட்டையும் திருகினார். எத்தனை சுற்று என்று யார் எண்ணினார்கள்? கீழே ஏதோ காலடிச் சத்தம் கேட்டது. விறுவிறுவென்று இறங்கிப் போய்க் கை கழுவிக்கொண்டார்.

இரண்டு மணிக்கு லைனைத் திறந்தார்கள். மேனேஜர், மீட்டர், ஆட்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிளாம்ப் எல்லோருக்கும் பின்னால் நின்றார். கீழே எண்ணெய் கடகடவென்று ஏறுகிற சத்தம் கேட்டது. இப்போது மோதும், இதோ மோதும் என்று பார்த்தார்.

மோதியது. வளைவு லேசாக ஒரு தடவை உதறிக்கொண்டு சும்மா இருந்துவிட்டது. கருவியில் பதினொன்று.

"பலே!" என்று மேனேஜர் மீட்டரின் முதுகில் ஒரு போடு போட்டார். ஆட்கள் கை தட்டினார்கள். "வால்வைப் பழையபடியே வச்சுட்டேன், இன்னும் தொடவே இல்லையே" என்று மீட்டர் முனகினது யார் காதிலும் விழவில்லை, கிளாம்ப் காதைத் தவிர. கிளாம்ப்பின் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "சின்னவர் நிக்க வச்சுட்டாராமே! தங்கச்சி போன் பண்ணா. அம்மா அதுக்குள்ள நாலு பேருக்குச் சொல்லியாச்சு." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினாள். அவளுக்கும் அந்த நாற்காலி மேல் ஆசை இருந்தது, பாவம்.

"நான்தாண்டி நிக்க வச்சேன்!" என்று கத்த வேண்டும்போல இருந்தது கிளாம்ப்புக்கு. எப்படிக் கத்துவது? ஏன் கழட்டினே என்று கேட்டால் என்ன சொல்வது? அதைவிட மோசம் இன்னொன்று. தளர்த்தினதும் நின்றுவிட்டது என்றால், இத்தனை நாள் ஆட்டி வைத்தது யார்? தன் கையால் போட்ட பட்டைதான். அதை இறுக்க இறுக்கத்தான் வெல்டு விரிசல் விட்டிருக்கிறது. அவனைக் கவிழ்க்கப் போய், அவனைத் தூக்கிச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தாயிற்று. அன்றைக்கு மாத்திரை இரண்டாகப் போட்டுக்கொண்டும் எரிச்சல் அடங்கவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் அறையில் கூட்டம். பாராட்டுத்தான், வேறென்ன. கிளாம்ப் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் ஆரம்பிக்கும் முன்பே மீட்டர் எழுந்தான்.

"சார், அதை நிறுத்தினது நான் இல்லை. நேத்து சாயங்காலம் மேலே ஏறிப் பார்த்தேன். பட்டையோட நட்டு ரெண்டும் தளர்ந்து கிடந்தது. லூசான நட்டைப் பார்த்தா கை சும்மா இருக்காதே, நான் பாட்டுக்கு இறுக்கிட்டேன். திறந்து அளந்தா மறுபடியும் முப்பத்தெட்டு. அப்பதான் புரிஞ்சுது. பட்டை இறுக்கமா இருந்தா வளைவோட சொந்த ஆட்டமும் எண்ணெய் மோதுற வேகமும் ஒண்ணா சேர்ந்துக்குது. கொஞ்சம் தளர்த்தினா சேராது, பட்டையில உரசி உரசி ஆட்டமும் செத்துப்போகும். இது எனக்குத் தோணவே இல்லை. அந்தப் பட்டையை இந்த ஆலையில ஒருத்தர்தான் தொடுவார்." திரும்பி கிளாம்ப்பைப் பார்த்தான். "அண்ணே, சொல்லாம கொள்ளாம செஞ்சுட்டு ஓரமா நின்னீங்களே, எனக்குப் பேர் வரட்டும்னுதானே?"

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் எழுந்தே வந்துவிட்டார். "நீங்களா? கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையாயிடுச்சே! அப்புறம் என்ன, நாற்காலி உங்களுக்குத்தான்."

கேட்டது கிடைத்துவிட்டது. மூன்று வருஷமாக எதற்கு வயிறு எரிந்ததோ, அது தட்டில் வைத்து முன்னால் நீட்டப்பட்டிருந்தது. கிளாம்ப் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்தாலே போதும் என்று பட்டது.

மீட்டர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, ஒரே ஒரு விஷயம். நேத்து திரும்பவும் தளர்த்தி நாலு தடவை பார்த்தேன். உங்க பதினொண்ணு எனக்கு வரலை. இருட்டிடுச்சு, விட்டுட்டேன். எத்தனை சுத்து கழட்டினீங்க?"

"எதுக்கு?" என்றார் கிளாம்ப்.

"ரெண்டாவது லைன் பதினொரு மணிக்குத் திறக்கிறாங்களே. அதே வளைவு, நீங்க போட்ட அதே பட்டை. திறந்துட்டா மூணு மாசத்துக்கு மூட மாட்டாங்க. சாரத்தையும் பிரிச்சிடுவாங்க. அதனால இப்பவே சரியா வச்சுடணும்."

இரண்டாவது லைன் புதுசு. அதன் வளைவுக்கு நேர் கீழேதான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழி. ஒரு ஷிஃப்ட் முடிந்து இன்னொரு ஷிஃப்ட் வருகிற நேரத்தில் முந்நூறு பேர் அதன் அடியில் நடப்பார்கள். கிளாம்ப்பும் நடப்பார்.

மீட்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும்.

"ரெண்டரை" என்றார் கிளாம்ப்.

மீட்டர் எழுதினான். எழுதி, அடியில் கோடும் போட்டான். நிச்சயமா என்று கேட்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. "அண்ணன் சொன்னா சரிதான் சார், ஆளை ஏத்திடலாம்" என்று மேனேஜரிடம் திரும்பினான்.

அந்த இடத்தில்தான் கிளாம்ப்புக்குத் தாங்கவில்லை. இதுவே அவன் ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் இவர் பத்து தடவை நோண்டியிருப்பார், நாலு பேரிடம் கேட்டிருப்பார், கடைசியில் தப்பு என்று நிரூபிக்க வழி தேடியிருப்பார். அவன் ஒரு வார்த்தை கேட்காமல் மையால் எழுதிவிட்டான். அவனால் மட்டும் எப்படி முடிகிறது? இதற்கும் வயிறு எரிந்தது. அட, ஒருத்தன் நல்லவனாக இருப்பதற்குக்கூடவா எரியும்? எரிந்தது. அந்த எரிச்சலோடு, முந்நூறு பேர் தட்டு ஏந்தி நடக்கிற அந்த வழியும் கண்ணுக்குள் வந்து நின்றது.

"அதை அடிச்சிடு தம்பி" என்றார்.

"என்னண்ணே?"

"ரெண்டரையை அடி. எனக்குத் தெரியாது. நான் எண்ணலை."

மீட்டர் சிரித்தான். "கைப்பக்குவமா செஞ்சீங்களா?"

"கைப்பக்குவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீ மேனேஜர் முன்னாடி அசிங்கப்படணும்னு கழட்டினேன். தளர்த்தினா இன்னும் ஆடும்னு நினைச்சேன். நின்னுடுச்சு. என் போதாத காலம், நின்னுடுச்சு."

மீட்டரின் முகத்திலிருந்த சிரிப்புக்கு எங்கே போவதென்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டு மெதுவாகக் கலைந்தது. அவன் தலையைக் குனிந்து ரெண்டரையை அடித்தான். ஒரு கோடு போதும். மூன்று கோடு போட்டான்.

மேனேஜர் போனை எடுத்து, "ரெண்டாவது லைன் இன்னிக்குத் திறக்கலை. நாளைக்கு" என்றார். போனில் மேலதிகாரி யாரோ கத்துவது அறை முழுக்கக் கேட்டது. போனை வைத்துவிட்டு கிளாம்ப்பிடம், "உங்களை என்ன செய்யறதுன்னு அப்புறம் பேசிக்கலாம். தலைவர் யாருங்கிறதைப் பேச வேண்டியதில்லை" என்று மீட்டரைக் காட்டினார். கிளாம்ப் தலையாட்டினார்.

அதற்கப்புறம் நாள் முழுக்க முதல் லைனில்தான் இரண்டு பேரும். லைனை மூடுவது, கிளாம்ப் ஏறி நட்டைக் கால் சுற்று தளர்த்துவது, இறங்குவது, லைனைத் திறப்பது, மீட்டர் அளப்பது. மறுபடியும் மூடுவது. அரைச் சுற்றுக்கு முப்பத்துமூன்று. ஒன்றுக்கு இருபத்துநாலு. ஒன்றரைக்குப் பதினேழு. ஒன்றேமுக்காலுக்குப் பதினொன்று.

"இதேதான். போதும்" என்றான் மீட்டர்.

"இன்னும் போகணும். ரெண்டரையையும் பார்த்துடணும்" என்றார் கிளாம்ப்.

"வேணாமே."

"பார்க்கணும் தம்பி."

ஏறி, ரெண்டரைக்குத் தளர்த்திவிட்டு இறங்கினார். லைனைத் திறந்தார்கள். எண்ணெய் வந்து மோதியது. வளைவு எகிறிப் போய்ப் பட்டையில் இடித்து, திரும்பி வந்து மறுபக்கம் இடித்தது. சம்மட்டி அடிக்கிற சத்தம். சாரத்துப் பலகையே தாவியது. "மூடு, மூடு!" என்று மீட்டர் கத்தினான். வால்வை மூடி, சத்தம் அடங்கின பிறகு கருவியை அவரிடம் நீட்டினான். எழுபத்திரண்டு. இறுக்கமாக இருந்தபோது காட்டினதில் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பகல் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் இரண்டாவது லைனுக்கு அடியில் பேசிச் சிரித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். கிளாம்ப் பைப் தாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியாக ஒருமுறை ஏறி, ஒன்றேமுக்காலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு இறங்கினார். மீட்டர் கருவியின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"வீட்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான், நிமிர்ந்து பார்க்காமல்.

"நானே சொல்லிக்கிறேன். அந்தப் புண்ணியத்தையும் நீயே கட்டிக்க வேணாம்" என்றார் கிளாம்ப். அதற்கு மீட்டருக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. வரவில்லை.

ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டார். நாளைக் காலை வேலையாவது ஒழுங்காக நடக்கட்டும் என்று, "ரெண்டாவது லைனுக்கு நீ அலைய வேணாம். காலையில ஏழு மணிக்கு நானே ஏறி, ஒண்ணேமுக்காலுக்கு வச்சுட்டு வந்துடறேன்" என்றார்.

ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. ஒரு நொடிதான்.

"இல்லண்ணே, நானும் கூட வர்றேன்" என்றான் மீட்டர்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு இவரும் இரண்டு வார்த்தை விட்டிருக்கலாம். மரியாதையாகத்தான் சொன்னான். பத்தொன்பது வருஷத்தில் கிளாம்ப் ஏறின எந்தச் சாரத்துக்கும் கூட ஒருத்தர் வர வேண்டும் என்று யாருக்கும் தோன்றினது கிடையாது. கையில் ஸ்பேனரோடு அவர் தனியாக மேலே போவதை ஒரு பயல் நிமிர்ந்துகூடப் பார்த்தது கிடையாது. நாற்காலி போனது வலித்ததா என்றால் வலித்தது. இது வேறு இடத்தில் வலித்தது.

"வா தம்பி. ஏழு மணிக்கு" என்றார்.